கேட்டால் மட்டும் போதுமா?

(தோட்டக் குடும்பங்களின் ஞாயிறு ஒன்றுகூடலில், யாழ்ப்பாணம் மானிப்பாயிலிருந்து வந்திருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை. அவர் பேசிய நடையை அதிகம் மாற்றாமல் தருகிறோம்.)

கிழமையில் ஆறு நாளும் மலை ஏறி இறங்குகிற உங்களுக்குக் கிடைக்கிறது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. உடுப்புத் தோய்க்க வேண்டும், விறகு பொறுக்க வேண்டும், டவுனுக்குப் போய்ச் சாமான் வாங்க வேண்டும். அதையெல்லாம் விட்டுப்போட்டு வந்து இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள். ஆகவே நீட்டி முழக்க மாட்டேன் என்று சொல்ல ஆசைதான். ஆனால் நான் 30 வருஷத்துக்கு மேலாகப் படிப்பித்தவள். மணி அடித்தால்தான் வாய் மூடுகிற பழக்கம். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

"மற்றவர் சொல்வதைக் கேட்பது" என்ற விஷயத்தைப் பற்றிப் பேசும்படி கேட்டார்கள். இதை வீட்டில் சொன்னபோது என் தங்கச்சி சிரித்தாள். "அக்கா, நீ வாழ்நாள் முழுக்க மற்றவையைப் பார்த்து 'சொல்லுறதைக் கேளுங்கோ, கேளுங்கோ' எண்டு கத்தினனீ. நீ எப்ப ஆரையும் கேட்டனீ?" என்றாள். சரியான கேள்விதான். அதற்குப் பதிலும் இன்றைக்குச் சொல்லத்தான் வேண்டும். கடைசியில் சொல்கிறேன்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாரியம்மனைக் கும்பிடுகிறவர்களும் மாதா கோயிலுக்குப் போகிறவர்களும் இங்கே ஒன்றாக இருக்கிறீர்கள். நான் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவள், அதனால் வேதாகமத்துக் கதையும் வரும். ஆரையும் மதம் மாற்ற நான் வரவில்லை. பயப்பட வேண்டாம்.

பின்னேரம் ஐந்து மணி என்று வைத்துக்கொள்ளுவோம். அம்மா கொழுந்து நிறுத்துப்போட்டு லயத்துக்கு வருகிறாள். படங்குச் சேலையைக் கூட இன்னும் அவிழ்க்கவில்லை. "இன்னைக்கும் நிறுவையில ரெண்டு கிலோ கழிச்சிட்டாங்க" என்கிறாள். வீட்டுக்காரர் கையில் இருக்கிற டெலிபோனைப் பார்த்தபடி "ம்" என்கிறார். மகன் வந்து, "அம்மா, நாளைக்கு இஸ்கூலுக்குப் போகல" என்கிறான். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே "ம்" என்கிறாள். மூலையில் கிழவி, "முட்டி ராத்திரி பூரா கொடையுது" என்கிறாள். அதற்கும் ஒரு "ம்".

இந்த "ம்" இருக்கிறதே, தமிழில் இதைவிடச் சின்னச் சொல் கிடையாது. ஆனால் ஒரு பெரிய மனுஷன் முழுசாக அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம்! கேட்டது போலவும் இருக்கும், ஒன்றும் செய்யவும் தேவையில்லை. கோபம் வந்து சண்டை பிடித்தால்கூடப் பரவாயில்லை, சண்டை பிடிக்கிறவன் கேட்டிருக்கிறான் என்று தெரியும். "ம்" சொல்கிறவனிடம் என்ன செய்வது?

அந்த அம்மா சொன்னதை வீட்டுக்காரர் உண்மையிலே கேட்டாரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அடுத்த நாள் தலைவரிடம் போய் நிறுவையைப் பற்றி இரண்டு வார்த்தை கதைத்தாரா? சரி, அதற்குத் துணிவில்லை என்றால், அன்றிரவு பீலித் தண்ணீர்க் குடத்தையாவது தான் தூக்கி வந்தாரா? பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்ற பிள்ளையின் சப்பாத்தை யாராவது திருப்பிப் பார்த்தார்களா? அடி பிய்ந்திருக்கும். மற்றப் பிள்ளைகள் சிரித்திருப்பார்கள். பிள்ளைகள் "சப்பாத்து இல்லை" என்று சொல்லாது, "போகல" என்றுதான் சொல்லும்.

நம்முடைய தமிழையே கொஞ்சம் கவனியுங்கள். "கேள்" என்கிற சொல்லுக்கு எத்தனை வேலை! காதால் கேட்கிறதும் கேட்பதுதான், கேள்வி கேட்கிறதும் கேட்பதுதான். "சொல்லுக் கேளாத பிள்ளை" என்றால் செவிட்டுப் பிள்ளை என்றா அர்த்தம்? சொன்னதைச் செய்யாத பிள்ளை. வைத்தியரிடம் போய் வந்த கிழவி, "இந்த மருந்துக்குக் காய்ச்சல் கேட்கேல்லை" என்று சொல்வாள். மருந்து உள்ளே போயும் மாற்றம் ஒன்றுமில்லை என்றால், கேட்கவில்லை என்று அர்த்தம். இதை ஒரு பண்டிதரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, எங்கள் அம்மம்மா திண்ணையில் இருந்து சொன்னது.

வேதாகமத்திலே அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தில் ஒரு சின்ன விஷயம் வருகிறது. கோயிலில் அதிகம் பிரசங்கிக்க மாட்டார்கள், ஏனென்றால் அது ஒரு பங்கீட்டுச் சண்டை. எருசலேமில் முதல் கிறிஸ்தவர்கள் எல்லாரும் உள்ளதைப் போட்டு, ஏழை விதவைகளுக்கு நாளாந்தம் சாப்பாடு பங்கிட்டார்கள். அதிலே எபிரேய மொழிக்காரரும் இருந்தார்கள், கிரேக்க மொழி பேசுகிறவர்களும் இருந்தார்கள். நாளடைவில், எங்கள் கிழவிகளுக்குப் பங்கு ஒழுங்காக வருவதில்லை என்று கிரேக்க மொழிக்காரர் முணுமுணுத்தார்கள். அரிசி மா பங்கிட்ட காலத்தைக் கண்ட உங்களுக்கு இது புதுக் கதையா என்ன!

அப்போஸ்தலர்கள் என்ன செய்திருக்கலாம்? "எல்லாரும் ஒன்றுதான், பிரிவினை பேசக்கூடாது" என்று ஒரு புத்திமதி சொல்லியிருக்கலாம். பெரிய இடங்களில் இருப்பவர்கள் வழக்கமாகச் சொல்வது அதுதானே? ஒரு ஜெபக் கூட்டம் வைத்திருக்கலாம். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. பங்கீட்டைப் பார்க்க ஏழு பேரை நீங்களே தெரிவு செய்யுங்கள் என்று சனங்களிடம் விட்டார்கள். அந்த ஏழு பேரின் பெயரையும் பாருங்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோர், நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்! குறை சொன்ன பக்கத்தின் மொழிப் பெயர்களைக் கொண்டவர்களின் கையிலேயே அகப்பையைக் கொடுத்துவிட்டார்கள். முணுமுணுப்பைக் கேட்டதற்கு அதுதான் அத்தாட்சி. இந்தப் பெயர்ப் பட்டியலை ஒரு மாணவிக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கே இது பிடிபட்டது. அதுவரை பரீட்சைக்கு மனப்பாடம் செய்கிற ஏழு பெயர் என்று மட்டும் இருந்தேன்.

இனி எங்கள் ஊர்க் கதை.

யாழ்ப்பாணப் பட்டினத்தில் இருந்து வடமேற்கே நாலைந்து மைல் போனால் மானிப்பாய் வரும். அங்கே கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை என்று ஒன்று இன்றும் இருக்கிறது. அந்தப் பெயருக்குரியவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க டாக்டர். 1822-இல் மாசசூசெற்ஸ் மாநிலத்தில் வூஸ்டர் என்கிற ஊரில் பிறந்தவர். வசதியான குடும்பம். தமையன் அன்ட்ரூ கிறீன், நியூயோர்க் நகரத்தின் சென்ட்ரல் பார்க் என்ற பெரிய பூங்கா உருவாக முன்நின்றவர். தம்பியோ 1847-இல் கப்பல் ஏறி யாழ்ப்பாணத்து மணலுக்கு வந்து சேர்ந்தார். அமெரிக்க மிஷன் 1816-இலேயே அங்கே வந்துவிட்டது. முதலில் வட்டுக்கோட்டை, அடுத்த வருஷம் மானிப்பாய். அங்கேதான் ஆஸ்பத்திரியும் வைத்திய வகுப்பும் நடத்தினார்.

அது எந்தக் காலம் தெரியுமா? உங்களுடைய பூட்டன் பூட்டிமார் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்து, மாத்தளையைத் தாண்டிக் கோப்பித் தோட்டங்களுக்கு வந்துகொண்டிருந்த காலம். வழியிலே வாந்திபேதியில் விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை.

கிறீன் முதலில் ஆங்கிலத்தில்தான் படிப்பித்தார். பொடியன்கள் கெட்டிக்காரர், நன்றாகப் படித்தார்கள். படித்து முடித்ததும் அரசாங்க உத்தியோகம், வெளியூர் என்று போய்விட்டார்கள். ஊரில் பிள்ளை பெறுகிறவள் பழையபடி பாயில் கிடந்தாள். அந்தக் காலத்து யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் என்றால் சம்பளம் என்று அர்த்தம். வட்டுக்கோட்டை செமினரியையே 1855-இல் மிஷன் மூடியது, இந்தக் காரணமும் சேர்ந்துதான். (எங்கள் ஆட்களுக்கு உத்தியோக ஆசை நேற்று வந்தது அல்ல!)

1857-இல் ஓய்வுக்காக அமெரிக்கா போன கிறீன் 1862-இல் திரும்பி வந்தார். வந்ததும் முறையை மாற்றினார். இனி வைத்தியம் தமிழில்தான் படிப்பிப்பது என்று தீர்மானித்து, 1864-இல் இருந்து தமிழிலேயே வகுப்பு நடத்தினார். தமிழில் படித்த வைத்தியன் கிராமத்திலேயே இருப்பான், கிராமத்துச் சனம் சொல்வது அவனுக்கு விளங்கும், அவன் சொல்வது அவர்களுக்கு விளங்கும் என்பது அவருடைய எண்ணம். மாணவர்களில் பலர் ஆங்கிலத்தையே விரும்பினார்கள். அவர் அசையவில்லை. தன் மாணவர்கள் கோட்டு, தொப்பி என்று மாறிப்போவதையும் அவர் விரும்பவில்லை. வேட்டி சால்வையோடு ஊராருக்குள் ஒருவராக இருக்க வேண்டும் என்றார். வெள்ளைக்காரன் வேட்டி கட்டச் சொல்கிறான், யாழ்ப்பாணத்தான் கோட்டுக் கேட்கிறான், இது எப்படி இருக்கிறது!

சரி, தமிழில் படிப்பிக்கப் புத்தகம் வேண்டாமா? இல்லை. ஆகவே தாமே, தமிழ் மாணவர் சிலருடைய துணையோடு, மொழிபெயர்க்க இருந்தார். பிரசவ வைத்தியம் பற்றிய புத்தகம் 1857-இலேயே வந்துவிட்டது. இரண வைத்தியம், அதாவது சத்திரசிகிச்சை, 1867-இல் வந்தது. கெமிஸ்தம் என்ற இரசாயன நூல் 1875-இல். ஒரு உறுப்புக்கோ நோய்க்கோ பெயர் வேண்டுமானால் முதலில் தமிழில் தேடுவது, கிடைக்காவிட்டால் சமஸ்கிருதத்தில், அதுவும் இல்லையென்றால்தான் ஆங்கிலச் சொல்லைத் தமிழெழுத்தில் எழுதுவது. தமிழில் தேடுவதென்றால் என்ன? ஊர் வைத்தியர் அதை எப்படிச் சொல்கிறார், நாட்டு மருத்துவ ஏடுகளில் என்ன பெயர் இருக்கிறது என்று கேட்டறிய வேண்டும். கேட்காமல் ஒரு அகராதி வராது.

1867 என்றேனே, அதே வருஷம்தான் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் வியாபாரத்துக்காகத் தேயிலை நட்டார். தேயிலை வந்த வருஷமும், தமிழில் சத்திரசிகிச்சைப் புத்தகம் வந்த வருஷமும் ஒன்று. ஒன்று மலை முழுக்கப் பரவியது. மற்றது அலுமாரிக்குள் போய்விட்டது.

அறுபதுக்கு மேற்பட்ட வைத்தியர்களை கிறீன் உருவாக்கினார், ஏறக்குறையப் பாதிப்பேர் தமிழிலேயே படித்தவர்கள். 1873-இல் உடல் நலம் கெட்டு நாடு திரும்பினார். அங்கே இருந்துகொண்டும் தமிழ்ப் புத்தக வேலையை விடவில்லை. 1884-இல் காலமானார். தன்னுடைய கல்லறையில் தமிழருக்கு வைத்திய ஊழியம் செய்தவன் என்ற செய்தி இருக்க வேண்டும் என்பது அவருடைய விருப்பம். அப்படியே எழுதினார்கள்.

அவரைச் சாமியாக்க நான் வரவில்லை. வைத்தியத்தோடு தன்னுடைய மதத்தைப் பரப்பவும்தான் அவர் வந்தார், அதை அவர் ஒளிக்கவும் இல்லை. நல்லூர் ஆறுமுக நாவலரும் அதே 1822-இல் பிறந்தவர். மிஷனை அவர் எதிர்த்ததில் நியாயம் இருந்தது என்று கிறிஸ்தவளாகிய நானே சொல்வேன். ஆனால் கிறீனுடைய ஒரு விஷயத்தில் எனக்கு வணக்கம். ஊர் தன்னிடம் பேசுகிற மொழியைக் கற்றதோடு அவர் நிற்கவில்லை. தன் பள்ளிக்கூடத்தையே அந்த மொழிக்கு மாற்றினார். பத்துப் பதினைந்து வருஷம் செய்து வந்ததைக் கலைத்துப்போட்டுத் திரும்பத் தொடங்குவது எத்தனை பேருக்கு முடியும்?

இன்று காலையில் இங்கே ஒரு அம்மாவோடு கதைத்துக்கொண்டிருந்தேன். "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனா டாக்டர்கிட்ட எப்பிடிச் சொல்லுவீங்க?" என்று கேட்டேன். "கையால தொட்டுக் காட்டுவேன்" என்றார். 1987-இல் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழியாகிவிட்டது. சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. அந்த அம்மா இன்னும் விரலால்தான் பேசுகிறார். நோகிற இடத்தை விரலால் காட்டலாம். எப்போது தொடங்கியது, போன மாசம் கொடுத்த குளிசை ஏன் ஒத்துவரவில்லை, "இது பெரிய வருத்தமா ஐயா?" என்கிற பயம், இதையெல்லாம் எந்த விரலால் காட்டுவது?

அரசாங்கம் செய்ய வேண்டியதை அரசாங்கம் செய்யட்டும், கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் உங்கள் லயங்களில் சிங்களம் நன்றாகக் கதைக்கிற பிள்ளைகள் எத்தனை பேர்! சாதாரண தரம் படித்துவிட்டு வீட்டில் இருக்கிற தம்பிமார், கொழும்பில் கடையில் நின்றுவிட்டு வந்தவர்கள். கிளினிக் நாளில் ஒரு லயத்துக்கு ஒரு ஆள், அந்தக் கிழவியோடு பஸ் ஏறிப் போனால் என்ன? ஒரு நாள் பேர் போகும் என்பீர்கள். உண்மைதான். முறை வைத்துப் போங்கள். அதிலும் ஒரு கவனம் வேண்டும். கிழவி சொல்வதைச் சொல்ல வேண்டும், நீங்கள் நினைப்பதைச் சொல்லக்கூடாது. இதை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், எனக்கு அதிலே ஒரு கடன் இருக்கிறது.

தங்கச்சியின் கேள்விக்கு வருகிறேன்.

1974ஆம் ஆண்டு. எனக்கு 10 வயது. அப்போது இங்கே என்ன நிலைமை என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். மா இல்லை, அரிசி இல்லை. தோட்டங்களில் பட்டினியால் செத்தார்கள். அதே காலம் யாழ்ப்பாணத்தில் மிளகாயும் வெங்காயமும் நல்ல விலைக்குப் போன காலம். இறக்குமதி நின்றதால் எங்கள் கமக்காரர் கல்வீடு கட்டினார்கள். அந்த வீடுகளுக்குச் சட்டிபானை கழுவ இங்கிருந்து பிள்ளைகளைக் கொண்டுவந்தார்கள். எங்கள் வீட்டுக்கும் ஒரு பிள்ளை வந்தாள். 12 வயது இருக்கும். என்னைவிட இரண்டு வயது மூத்தவள், ஆனால் நான் பள்ளிக்கூடம் போனேன், அவள் என் சட்டையைத் தோய்த்தாள்.

அவளை எங்கள் வீட்டில் அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. அதையே நாங்கள் பெரிய தர்மம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். உங்களைக் குறித்து எங்கள் பக்கத்தில் வழங்கிய சொல் ஒன்று உங்களுக்குத் தெரியும். அதை நான் இங்கே சொல்லப்போவதில்லை. அந்தச் சொல் எங்கள் வீட்டிலும் வழங்கியது.

ஒரு நாள் பின்னேரம் அந்தப் பிள்ளை என்னிடம் வந்து, "பாப்பா, ஊட்டுக்கு ஒரு கடுதாசி எழுதித் தர்றியா?" என்றாள். எனக்குப் பெரிய பெருமை. தபாலட்டையை வைத்துக்கொண்டு இருந்தேன். அவள் சொன்னாள்: "அம்மா, கப்பலுக்குப் போறதா இருந்தா என்ன விட்டுட்டுப் போயிறாதீங்க. சீக்கிரமா அப்பாவ அனுப்புங்க. ராத்திரியில எனக்குப் பயமா இருக்கு."

கப்பல் என்றால் உங்களுக்கு விளங்கும். 1964-இன் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி, பாஸ்போட் கிடைத்த குடும்பங்கள் தலைமன்னாரில் கப்பல் ஏறி இந்தியாவுக்குப் போய்க்கொண்டிருந்த காலம். எனக்கு அது ஒன்றும் தெரியாது. ஆனால் கடிதம் எழுதும் முறை எனக்குத் தெரியும், டீச்சர் படிப்பித்திருந்தா. ஆகவே நான் எழுதினேன்: அன்புள்ள அம்மா அப்பாவுக்கு, நான் நலம், உங்கள் நலமறிய ஆவல், இங்கே எல்லாரும் என்னை அன்பாகப் பார்க்கிறார்கள். இப்படி அழகான கையெழுத்தில், பிழையில்லாத தமிழில் எழுதி முடித்தேன். அவளுடைய பேச்சு எனக்குக் கொச்சையாகப் பட்டது, அதைத் திருத்துகிறேன் என்று நினைத்தேன். பயம் என்று எழுதினால் அம்மா என்னை ஏசுவா என்ற எண்ணமும் உள்ளே இருந்தது. அதை ஒளிக்கக்கூடாது.

"நான் சொன்னதெல்லாம் எழுதிட்டியா பாப்பா?" என்று கேட்டாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது.

நான் "ம்" என்றேன்.

மூன்று கிழமைக்குப் பிறகு பதில் வந்தது. யாரோ எழுதிக்கொடுத்த கடிதம். நீ நல்லா இருப்பது சந்தோஷம், அங்கேயே இரு, அவர்கள் சொல்வதைக் கேட்டு நட என்று இருந்தது. நான்தான் உரத்து வாசித்துக் காட்டினேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. தேய்த்துக்கொண்டிருந்த சட்டியைத் திரும்பத் தேய்த்தாள்.

அதன் பிறகு அவள் சாப்பாட்டைக் குறைத்துவிட்டாள். எங்கள் அம்மா, "கள்ளச் சாப்பாடு சாப்பிடுறாள் போலை" என்றா. அம்மம்மாதான் ஒரு நாள் குசினிப் படியில் அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் போய் நிலத்தில் இருந்தா. எங்கள் வீட்டில் வேலைக்காரப் பிள்ளைக்குச் சரியாக நிலத்தில் ஒருவரும் இருந்ததை நான் அதுவரை பார்த்ததில்லை. என்ன வருத்தம் என்று அம்மம்மா கேட்கவில்லை. இரண்டு பேருமாக வெங்காயம் உரித்தார்கள். "உன்ரை அம்மான்ரை பேர் என்ன மோனை? உங்கடை வீட்டிலை எத்தினை பேர் படுப்பியள்? குளிருக்கு என்ன போர்ப்பியள்?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டா. வெங்காயம் முடிவதற்குள் கப்பல் கதை வந்துவிட்டது, கடிதக் கதையும் வந்துவிட்டது.

அம்மம்மா என்னைக் கூப்பிட்டா. "அந்தக் கடிதத்திலை என்ன எழுதினனீ?" நான் மனப்பாடமாக ஒப்புவித்தேன். அடிப்பா என்று நினைத்தேன். அடிக்கவில்லை. அடித்திருந்தால் இந்த 50 வருஷத்தில் மறந்திருப்பேன்.

இரண்டாம் நாள் அம்மம்மா தன்னுடைய றங்குப் பெட்டியில் இருந்த காசை எடுத்து, அந்தப் பிள்ளையையும் என்னையும் கூட்டிக்கொண்டு ரயில் ஏறினா. "இனி வேலைக்கு ஆரைத் தேடுறது?" என்று அம்மா சத்தம் போட்டா. "நீ செய்" என்றா அம்மம்மா. அவ்வளவுதான். அனுராதபுரத்துக்கு அப்பால் போயறியாத மனுஷி. பொல்காவலையில் இறங்கி, வேறு ரயில் மாறி, அட்டனுக்கு வந்து, குளிரில் நடுங்கி, வழி கேட்டுக் கேட்டு அந்தத் தோட்டத்துக்கு நடந்தோம்.

பிள்ளையின் அம்மா மலையில் நின்றா. ஆள் அனுப்பிச் சொன்னதும் கூடையோடு ஓடி வந்தா. பிள்ளையைக் கட்டிப்பிடிக்கவில்லை, முதலில் தலையைத் தடவிப் பார்த்தா, பிறகு கை, கால். வீட்டுக்குள்ளே போனால், பாஸ்போட் வந்து, கப்பல் திகதிக்குக் காத்திருக்கிறார்கள். "புள்ள நல்ல எடத்துல இருக்கா, சந்தோஷமா இருக்கான்னு எழுதியிருந்தா. அதான், நாங்க போயி ஒரு எடம் பார்த்துட்டு அப்புறமா கூட்டிக்கலாம்னு இருந்தோம்" என்றார் அப்பா. சுவரில் குத்தியிருந்த அந்தத் தபாலட்டையை எடுத்துக் காட்டினார். என்னுடைய கையெழுத்து. அழகாகத்தான் இருந்தது.

அன்றிரவு அந்தக் காம்பராவில் படுத்தோம். எங்களுக்குப் பாலில்லாத தேத்தண்ணீரும் அரை ரொட்டியும் தந்தார்கள். அந்த அரை ரொட்டி யாருடைய பங்கு என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. சில மாதத்துக்குப் பிறகு, எல்லாரும் சேர்ந்தே கப்பல் ஏறிவிட்டோம் என்று ஒரு கடிதம் தலைமன்னாரில் இருந்து வந்தது. அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. நீலகிரியோ, கொடைக்கானலோ, வேறெங்கோ. இருந்தால் இப்போது பேரப்பிள்ளைகள் கண்டிருப்பாள்.

பிறகு எங்களுக்கும் ஒரு காலம் வந்தது. 1995 ஒக்டோபர் கடைசியில் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழும்பி, மழைக்குள்ளே நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்ததை நீங்கள் பத்திரிகையில் வாசித்திருப்பீர்கள். அந்தக் கூட்டத்தில் நானும் நடந்தேன், அம்மாவைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு. அடுத்த வருஷம் கிளிநொச்சிப் பக்கம் போய்ச் சேர்ந்தோம். அங்கே ஒரு குடிசைக்காரி எங்களைக் கண்டதும், யார், எந்த ஊர், என்ன ஆட்கள் என்று ஒன்றும் கேட்கவில்லை. ஒரு வாளி சுடுதண்ணீர் வைத்து, "ஆயாவுக்குக் காலு வீங்கிப் போயிருக்கு, மொதல்ல கால ஊற வைங்க" என்றா. அந்தப் பேச்சைக் கேட்டதும் எனக்கு விளங்கிவிட்டது. 1977 கலவரத்தில் இந்த மலையில் இருந்து அடித்துத் துரத்தப்பட்டு அங்கே போய்க் குடியேறிய குடும்பம். அம்மா அந்த வாளிக்குள் காலை வைத்துக்கொண்டு அழுதா. நோவு என்று அந்த மனுஷி நினைத்தா.

மணி அடித்துவிட்டதுபோல இருக்கிறது, ஒருங்கிணைப்பாளர் தம்பி கையைக் காட்டுகிறார். ஒரு நிமிஷம் தம்பி.

என்னுடைய பையில் கடதாசியும் நாலு பேனையும் கொண்டுவந்திருக்கிறேன். வெளிநாட்டில் வேலைக்கு நிற்கிற மகளுக்குக் கடிதம் எழுத வேண்டியவர்கள், பிறப்புச் சாட்சிப் பத்திரத்துக்கு விண்ணப்பம் எழுத வேண்டியவர்கள், ஊழியர் சேமலாப நிதிப் படிவம் நிரப்பத் தெரியாதவர்கள், துரைக்கோ யூனியனுக்கோ மனுக் கொடுக்க வேண்டியவர்கள், யாராக இருந்தாலும் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். நான் நாலு மணி பஸ்ஸுக்குத்தான் போவேன், அதுமட்டும் அந்த வாங்கில் இருப்பேன். நீங்கள் சொல்கிறபடி, சொல்கிற தமிழிலேயே எழுதித் தருவேன். எழுதி முடித்ததும் முழுவதையும் திருப்பி வாசித்துக் காட்டுவேன். சொன்னது ஏதும் விடுபட்டிருந்தால் அந்த இடத்திலேயே நிறுத்திச் சொல்லுங்கள்.